மாண்டா திருக்கையும் கோவாலாவும்: இரு வணிகங்களின் வரலாறு

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கு எதிரே, மோர்ட்டன் விரிகுடாவைத் தாண்டி, வடக்கு ஸ்ட்ராட்புரோக் என்ற பெரிய மணல் தீவு உள்ளது. அங்குள்ள குவாண்டமூக்கா மக்கள் அதை மிஞ்ஜெரிபா என்பர். தீவின் யூக்கலிப்டஸ் மரங்களில் கோவாலாக்கள் வாழ்கின்றன. தீவின் முனையில் உள்ள பாயிண்ட் லுக்அவுட் என்ற ஊருக்கு அப்பால் கடலுக்கடியில் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. கோடை மாதங்களில் மாண்டா திருக்கைகள் அங்கே கூடுவதால் முக்குளிப்பவர்கள் அதற்கு மாண்டா பாமி என்று பெயரிட்டுள்ளனர். மரக்கிளையில் உறங்கும் கோவாலாவுக்கும் பாறைத்திட்டைச் சுற்றிவரும் திருக்கைக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான்.

உடலமைப்பில் இவ்விரண்டையும் ஒப்பிட அதிகம் இல்லை. ஒன்று குருத்தெலும்பு மீன், சுறாவின் உறவு. மற்றொன்று வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் பாலூட்டி. பெருமாண்டா எனப்படும் இனத்தின் அகலம் 7 மீட்டர் வரை செல்லும், எடை ஒரு டன்னைத் தாண்டும். கோவாலா 15 கிலோ எட்டினால் பெரியது. ஆனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மனிதர்கள் இவற்றை நடத்திய விதம் வியப்பூட்டும் வகையில் ஒத்துப்போகிறது. இரண்டுமே உடலின் ஒரே ஒரு பகுதிக்காகக் கொல்லப்பட்டன. கோவாலாவுக்கு அது தோல், மாண்டாவுக்குச் செவுள். அந்தப் பகுதியை விலை கொடுத்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் உயிருள்ள விலங்கைப் பார்த்ததே இல்லை. இரண்டு வணிகங்களும் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டன. ஆனால் கோவாலாவுக்கு அந்தச் சட்டம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிட்டது. இந்த எண்பது ஆண்டு இடைவெளிக்கான காரணம்தான் இந்த ஒப்பீட்டின் மையம்.

ஒரு நேரத்தில் ஒரு குட்டி

வணிகத்தைப் புரிந்துகொள்ள முதலில் இனப்பெருக்கத்தைப் பார்க்க வேண்டும். கோவாலாவின் கருக்காலம் ஏறத்தாழ 35 நாள். பிறக்கும் குட்டி 2 சென்டிமீட்டர் நீளமும் அரை கிராம் எடையும் கொண்டது. கண் திறவாத அந்த உயிர் தானே ஊர்ந்து பைக்குள் சென்று காம்பைப் பற்றிக்கொள்ளும். ஆறு மாதம் பையிலும், பிறகு ஏறத்தாழ ஓராண்டு நிறையும்வரை தாயின் முதுகிலும் வளரும். ஆண்டுக்கு ஒரு குட்டி என்பதே அதிகபட்சம்.

மாண்டாவின் வழி நேரெதிரானது. முட்டை தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து, குட்டி ஓராண்டுக்கு மேல் அங்கேயே வளர்கிறது. தொப்புள்கொடி கிடையாது. கருப்பைச் சுவரில் சுரக்கும் பால் போன்ற திரவமே உணவு. ஒக்கினாவா சுராவுமி மீன்காட்சியகத்தில் 2007-ஆம் ஆண்டு ஒரு மாண்டா ஈன்றபோதுதான் இந்தப் பிறப்பை மனிதர்கள் கூண்டுக்குள் முதன்முறையாகக் கண்டனர். சுருட்டிய பாய் போல வெளிவந்த குட்டி உடனே சிறகை விரித்து நீந்தியது. பிறக்கும்போதே ஒரு மனிதன் கை விரித்து நிற்கும் அகலம் அதற்கு உண்டு. தாய் அதன்பின் அதைக் கவனிப்பதில்லை. அடுத்த குட்டிக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்வரை ஆகலாம். பெண் மாண்டா பருவமடையவே எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும் என்பதால் வாழ்நாளில் அது ஈனும் குட்டிகள் மிகச் சிலவே.

மத்தியும் நெத்திலியும் லட்சக்கணக்கில் முட்டையிடுகின்றன. அவற்றைப் பிடிக்கும் கணக்கை மாண்டாவுக்குப் போட முடியாது. முயலைப் பிடிக்கும் கணக்கைக் கோவாலாவுக்கும் போட முடியாது. இரண்டு வணிகங்களும் செய்த பிழை இதுவே.

பெயர்கள்

1798-இல் சிட்னிக்கு மேற்கே நீல மலைப் பகுதிக்குள் சென்ற ஜான் பிரைஸ் என்பவர், உள்ளூர் மக்கள் 'கல்லவைன்' என்று அழைத்த, அமெரிக்கத் தேவாங்கு போன்ற ஒரு விலங்கைக் குறிப்பிட்டார். ஐரோப்பியர் எழுத்தில் கோவாலா தோன்றுவது அங்கேதான். 1802-இல் பிரான்சிஸ் பாரலியே என்ற அதிகாரிக்கு அதன் பாதங்கள் மட்டும் கிடைத்தன. அவற்றைப் பிராந்தியில் ஊறவைத்து ஆளுநர் கிங்குக்கு அனுப்பினார். 1817-இல் கிடைத்த 'சினெரியஸ்' என்ற இனப்பெயர் சாம்பல் நிறத்தைக் குறிக்கிறது. 'ஃபாஸ்கோலார்க்டோஸ்' என்ற பேரினப் பெயரின் பொருள் 'பைக் கரடி'. கரடிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் குடியேறியவர்கள் அதை நெடுங்காலம் 'நாட்டுக் கரடி' என்றே அழைத்தனர். 'கோவாலா' என்ற சொல் சிட்னிப் பகுதியின் தாருக் மொழியிலிருந்து வந்தது.

மாண்டாவை 1792-இல் ஜெர்மானியரான வால்பாம் அறிவியல் பெயரிட்டு விவரித்தார். ஸ்பானிய மொழியில் மாண்டா என்றால் போர்வை. தலையின் இருபுறமும் முன்னோக்கி நீளும் மடல்கள் கொம்பு போல் தெரிவதால் ஆங்கிலேய, அமெரிக்க மாலுமிகள் அதைப் 'பிசாசு மீன்' என்றனர். அந்தக் 'கொம்புகள்' உண்மையில் மிதவை உயிரிகளை வாய்க்குள் செலுத்தும் துடுப்புகள். தமிழ்க் கடற்கரையில் இவ்வகைத் திருக்கைகளுக்கு வழங்கும் ஆனைத்திருக்கை, கொம்புத்திருக்கை என்ற பெயர்களிலும் அளவும் கொம்பும் உண்டு, பிசாசு இல்லை.

இரு விலங்குகளின் வரலாறும் ஒரே மனிதரிடம் அருகருகே வரும் இடம் ஒன்று உண்டு. அவர் சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த ஜெரார்ட் கிரெஃப்ட். பவளத்திட்டு மாண்டா எனப்படும் சற்றுச் சிறிய இனத்தை 1868-இல் விவரித்தவர் அவர். அப்போது ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த இளவரசர் ஆல்ஃபிரட்டின் பெயரை அதற்குச் சூட்டினார். மூன்றாண்டுகளுக்குப் பின், ஹேரியட் ஸ்காட், ஹெலனா ஃபோர்ட் சகோதரிகளின் ஓவியங்களுடன் ஆஸ்திரேலியப் பாலூட்டிகள் குறித்த நூலை வெளியிட்டவரும் அவரே. அருங்காட்சியக அறங்காவலர்களுடன் மோதி 1874-இல் நீக்கப்பட்டபோது வெளியேற மறுத்தார். நாற்காலியோடு தூக்கித் தெருவில் வைக்கப்பட்டார். அவர் பெயரிட்ட மாண்டாவும் அவரைப் போலவே ஒதுக்கப்பட்டது. எல்லா மாண்டாக்களும் ஒரே இனம்தான் என்று பின்வந்தோர் கருதினர். 2009-இல் ஆண்ட்ரியா மார்ஷலும் உடன் ஆய்வாளர்களும் அது தனி இனமே என்று நிறுவிய பிறகுதான் கிரெஃப்டின் பெயர் மீண்டும் வழக்குக்கு வந்தது. தனித்தனி இனம் என்று தெரியாத நிலையில், எது எங்கே எவ்வளவு குறைகிறது என்று சொல்லவும் வழியில்லாமல் இருந்தது.

தோல்

கோவாலாவின் உரோமம் அடர்த்தியானது, குளிரையும் மழையையும் தாங்கக்கூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் தோல் ஏலங்களுக்கு அது மூட்டை மூட்டையாகச் சென்றது. தொப்பி, கையுறை, மேலங்கியின் உள்துணி என்று பயன்பட்டது. வேட்டைக்கு எந்தத் திறமையும் தேவைப்படவில்லை. மரக்கிளையில் அசையாமல் அமர்ந்திருக்கும் விலங்கை நிலா வெளிச்சத்திலும் சுடலாம். கழியில் சுருக்குக் கட்டியும் இழுத்தனர், சயனைடு வைத்தும் கொன்றனர். 1908-இல் மட்டும் 57 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோவாலாத் தோல்கள் சிட்னிச் சந்தைகள் வழியாகச் சென்றன.

விக்டோரியா 1898-இலும் நியூ சவுத் வேல்ஸ் 1903-இலும் சட்டப் பாதுகாப்பு அளித்தன. குயின்ஸ்லாந்தும் 1906-இல் சட்டம் இயற்றியது. ஆனால் அதில் ஒரு கதவு திறந்தே இருந்தது: அரசு விரும்பினால் 'திறந்த பருவம்' அறிவிக்கலாம். 1915, 1917, 1919 ஆகிய ஆண்டுகளில் அறிவித்தது. 1919-இன் ஆறு மாதப் பருவத்தில் ஏறத்தாழ 10 லட்சம் கோவாலாக்கள் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அதன்பின் எட்டு ஆண்டுகள் இடைவெளி.

1927-இல் குயின்ஸ்லாந்தின் உட்பகுதி வறட்சியில் இருந்தது. வேலையற்ற கிராமத்தினருக்கு வருமானம் வேண்டும் என்ற காரணத்தைக் காட்டி, வில்லியம் மக்கார்மாக்கின் தொழிற்கட்சி அரசு ஆகஸ்ட் மாதம் முழுவதும் கோவாலா வேட்டையை அனுமதித்தது. இந்தக் காரணத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. வறட்சியில் மாட்டையும் கூலியையும் இழந்த குடும்பத்துக்கு ஒரு தோலின் விலை பெரிது. ஆனால் ஆகஸ்ட் என்பது குளிர்காலம், உரோமம் செழித்திருக்கும் காலம். பையிலும் முதுகிலும் குட்டிகள் இருக்கும் காலமும் அதுவே. ஒரு தோலுக்கு இரண்டு உயிர் போனது. ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் உரிமம் பெற்றனர். ஒரே மாதத்தில் ஏறத்தாழ 6 லட்சம் தோல்கள் சேர்ந்தன.

அறிவிப்பு வந்த நாளிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. செய்தித்தாள்கள், மதத் தலைவர்கள், இயற்கை ஆர்வலர் சங்கங்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று பல தரப்பினரும் எழுதினர். அரசு பின்வாங்கவில்லை. ஆனால் அந்த ஆகஸ்டுக்குப் பிறகு எந்த ஆஸ்திரேலிய அரசும் கோவாலாவுக்குத் திறந்த பருவம் அறிவிக்கத் துணியவில்லை. அதே 1927-இல் கிளாட் ரீட் என்பவர் ஜாக், ஜில் என்ற இரண்டு கோவாலாக்களுடன் பிரிஸ்பேனில் லோன் பைன் காப்பகத்தைத் தொடங்கினார். வாங்கும் பக்கத்திலும் கதவு மூடியது. இளமையில் மேற்கு ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹூவர் பொறுப்பிலிருந்த காலத்தில் அமெரிக்கா கோவாலாத் தோல் இறக்குமதியைத் தடுத்தது. 1933-இல் ஆஸ்திரேலியக் கூட்டரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. டோரதி வால் எழுதிய பிளிங்கி பில் என்ற குட்டிக் கோவாலாவின் கதை வெளிவந்ததும் அதே 1933-இல். அதில் குட்டியின் தந்தை துப்பாக்கிக்குப் பலியாகிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் என்ன நடந்தது என்பதை அறிந்த தலைமுறைக்கு அது வெறும் குழந்தைக் கதையாக இருந்திருக்காது.

பிசாசு

அதே 1933-இன் ஆகஸ்டில், பூமியின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கடற்கரைக்கு அருகே கான் என்ற படகுக்காரரின் நங்கூரக் கயிற்றில் ஒரு பெருமாண்டா சிக்கியது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த மீனைப் பாரந்தூக்கியில் தொங்கவிட்டு எடுத்த படம் உலகெங்கும் சென்றது. கட்டணம் கொடுத்துக் கூட்டம் கூட்டமாக மக்கள் 'பிசாசை'ப் பார்க்க வந்தனர். கோவாலாவுக்காகக் குழந்தைகள் கண்ணீர் விடத் தொடங்கிய ஆண்டில் மாண்டா இன்னும் வேடிக்கைப் பொருள்தான்.

இந்த வேடிக்கைக்கு நீண்ட மரபு உண்டு. தென் கரோலினாத் தோட்ட முதலாளியான வில்லியம் எலியட் 1846-இல் வெளியிட்ட வேட்டை நூலில் பிசாசு மீனை ஈட்டியால் குத்தி, அது படகை இழுத்துச் செல்லும் சுகத்தை விரிவாக எழுதினார். முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1917-இல் புளோரிடாவில் இதே வேட்டையில் இறங்கி, அதைப் பத்திரிகைக் கட்டுரையாகவும் ஆக்கினார். மாண்டாவுக்கு வாலில் விஷமுள் இல்லை, மனிதரைத் தாக்கும் பழக்கமும் இல்லை. கயிறு இறுகும்போது அது ஓடியது, அவ்வளவே. அந்த ஓட்டத்தைத்தான் வீரர்கள் சீற்றம் என்று எழுதினர்.

முக்குளிப்புக் கருவிகள் வந்த பிறகே கதை மாறியது. ஆஸ்திரியரான ஹான்ஸ் ஹாஸ் 1950-இல் செங்கடலில் மாண்டாக்களுடன் நீந்திப் படமெடுத்தார். 1952-இல் வந்த அவருடைய நூலின் தலைப்பில் 'பிசாசு' என்ற சொல் இன்னும் இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது சாதுவான, மனிதரைக் கண்டு ஒதுங்காத ஒரு பெரிய மீன்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு பொருந்தும். மீன்களுள் உடலளவுக்கு மிகப் பெரிய மூளை கொண்டவற்றில் மாண்டாவும் ஒன்று. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணாடி முன் விடப்பட்ட இரு மாண்டாக்கள் தம் பிம்பத்தைச் சோதிப்பது போல நடந்துகொண்டதாகக் கூறப்பட்டது. அதற்குப் பொருள் என்ன என்பதில் விவாதம் உண்டு. கோவாலாவோ சத்துக் குறைந்த, நச்சுள்ள இலையைச் செரிக்க நாளின் பெரும்பகுதியை உறங்கிக் கழிப்பது. உடலளவுக்கு அதன் மூளை மிகச் சிறியது. மனிதர் அன்பு மூளையைப் பார்த்து வருவதில்லை. வட்ட முகமும் முன்னோக்கிய கண்ணும் குழந்தையைப் போல மரத்தைக் கட்டிக்கொள்ளும் கையும் கோவாலாவுக்காக வாதாடின. மாண்டாவுக்கு அப்படி ஒரு முகம் கிடையாது.

செவுள்

மாண்டாக்களை உண்ணும் மீனவச் சமூகங்கள் பழங்காலம் முதல் உண்டு. இந்தோனேசியாவின் சோலோர் தீவிலுள்ள லாமகேரா ஊரில் வேட்டைக்காரர் படகின் முனையிலிருந்து ஈட்டியுடன் மாண்டாவின் மேல் பாய்வார். இறைச்சி ஊருக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் தீர்ந்துவிடும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெரிய திருக்கைகள் வலையில் விழுந்தால் துண்டு போட்டு உப்பிட்டுக் கருவாடாக்குவார்கள். விலை அதிகம் இல்லை. தேடிப் போய்ப் பிடிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

காரணம் சீனாவிலிருந்து வந்தது. மாண்டாவும் அதன் உறவினங்களும் தண்ணீரை வடிகட்டி இரையைப் பிரிக்கும் செவுள் தட்டுகளைக் காய்ச்சிச் சூப்பாகக் குடித்தால் உடலின் நச்சு நீங்கும் என்ற பேச்சு தென்சீனச் சந்தைகளில் பரப்பப்பட்டது. 'பெங் யூ சாய்' என்ற பெயரில் அது விற்றது. தண்ணீரை வடிப்பது இரத்தத்தையும் வடிக்கும் என்பதே அதன் தர்க்கம். இது தொன்மையான சீன மருத்துவ மரபு என்று கடைக்காரர்கள் சொன்னாலும் பழைய மருத்துவ நூல்களில் அதற்கு இடமில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் குவாங்சோ நகரை மையமாகக் கொண்டு வளர்ந்த புதுச்சரக்கு அது. ஒரு பெரிய மாண்டாவிலிருந்து கிடைக்கும் காய்ந்த செவுள் சில கிலோதான். அதன் விலை முழு இறைச்சியின் விலையைத் தாண்டியது. லாமகேராவில் பாய்மரத்துக்குப் பதில் இயந்திரப் படகுகள் வந்தன. 2002-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அந்த ஒரே ஊர் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாண்டாக்களைக் கொன்றது. இந்தோனேசியா, இலங்கை, இந்தியா ஆகியவை இந்தச் சரக்கை அதிகம் அளித்த நாடுகளாயின.

1927-உடன் இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். குயின்ஸ்லாந்தில் கொலைக்கு ஓர் அரசாணை இருந்தது, உரிம எண் இருந்தது, தொடக்க நாளும் முடிவு நாளும் இருந்தன. யாரை எதிர்ப்பது என்பதில் குழப்பம் இல்லை. செவுள் வணிகத்தில் அப்படி ஒரு முகவரியே கிடையாது. பல நாடுகளின் ஆயிரக்கணக்கான படகுகள், சூரைக்கு விரித்த வலையில் தற்செயலாக விழும் ஒரு மீன், துறைமுக வியாபாரி ஒருவர், ஹாங்காங் வழியாக ஒரு பெட்டி. விலங்கோ நாட்டு எல்லை அறியாதது.

ஆகவே பாதுகாப்பும் துண்டு துண்டாகவே வந்தது. மாலத்தீவு 1990-களின் நடுவில் திருக்கை ஏற்றுமதியை நிறுத்தியது, 2009-இல் மாண்டாக்கள் கூட்டமாக இரை தேடும் ஹனிஃபாரு விரிகுடாவைக் காப்பிடமாக்கியது. மெக்சிகோ 2007-இல் பிடிப்பதைத் தடை செய்தது. 2013 மார்ச்சில் பாங்காக்கில் கூடிய சைட்டிஸ் உடன்படிக்கை மாநாடு மாண்டா இனங்களை இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2014 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதே 2014-இன் தொடக்கத்தில் இந்தோனேசியா தன் கடல் முழுவதிலும் மாண்டாவைப் பிடிக்கத் தடை விதித்தது. இம்முறை வாதாடியது முகம் அல்ல, பணம். மாண்டாவைப் பார்க்க வரும் முக்குளிப்புப் பயணிகளால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 கோடி டாலர் புழங்குகிறது, செவுள் வணிகம் முழுவதும் சேர்ந்தே சில பத்து லட்சம் டாலர்தான் என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அரசுகளுக்குப் புரியும் மொழி அது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. பயணியின் டாலர் விடுதிக்கும் படகு நிறுவனத்துக்கும் போகிறது. ஈட்டி எறிந்தவருக்கும் வலை விரித்தவருக்கும் அதில் பங்கு தானாக வந்துவிடுவதில்லை. 1927-இல் குயின்ஸ்லாந்து அரசு காட்டிய வறுமைக் காரணத்துக்கு இங்கும் முழு விடை கிடைக்கவில்லை.

தடைக்குப் பின்

கோவாலாவை மீட்கும் வழி மாண்டாவுக்கு இல்லாத எளிமை கொண்டது. பெட்டியில் வைத்து ஊர் மாற்றலாம். விக்டோரியாவின் பிரெஞ்சுத் தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விடப்பட்ட ஒரு சிறு கூட்டம் பெருகியது. 1923 முதல் 1925 வரை அங்கிருந்து 18 கோவாலாக்கள் கங்காருத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. விக்டோரியாவில் இன்றுள்ள பெரும்பாலான கோவாலாக்கள் இத்தகைய தீவுக் கூட்டங்களின் வழிவந்தவை. சில இடங்களில் மரமே மொட்டையாகும் அளவுக்குப் பெருகி, கருத்தடை செய்ய வேண்டிய நிலையும் வந்தது. மாண்டாவை இப்படிக் கொண்டுபோய் விட முடியாது. ஓரிடத்தில் தீர்ந்தால் அங்கே மீண்டும் வர அதுவே மனம் வைக்க வேண்டும்.

ஆனால் 1927-இன் கொலைக்களமான குயின்ஸ்லாந்திலும் அதன் தெற்கிலுள்ள நியூ சவுத் வேல்ஸிலும் கோவாலா மீளவில்லை. விலங்கைச் சுடக்கூடாது என்றது சட்டம். மரத்தை வெட்டக்கூடாது என்று சொல்லவில்லை. நீலகிரியில் தைலம் காய்ச்சும் யூக்கலிப்டஸின் சொந்த மண் அது. அங்கேயே மேய்ச்சலுக்கும் வீட்டு மனைக்கும் அதன் காடுகள் அழிக்கப்பட்டன. கிளமிடியா நோய், சாலை விபத்து, நாய்கள், 2019-20 காட்டுத்தீ எல்லாம் சேர்ந்துகொண்டன. 2012-இல் அழிவாய்ப்புள்ள இனமாக அறிவிக்கப்பட்ட கோவாலா, 2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதி ஆகியவற்றில் அருகிவரும் இனமாக உயர்த்தப்பட்டது.

மாண்டாவின் சட்டத்திலும் இதே போன்ற ஓர் ஓட்டை இருக்கிறது. சைட்டிஸ் கண்காணிப்பது எல்லை தாண்டும் செவுளை. சூரைக்காக இரவு முழுவதும் கடலில் மிதக்கும் வலையை அது கண்காணிப்பதில்லை. மாண்டா பின்னோக்கி நீந்தத் தெரியாத மீன். நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடி மூச்சு நடக்கும். வலையில் கொம்பு மாட்டி நின்றுவிட்டால், படகுக்காரர் விடியலில் வலையை இழுப்பதற்குள் அது இறந்திருக்கும்.